மின்சார கார்: சலுகை குறையுதே, இப்பவே வாங்கிடலாமா?

"இந்த வருஷம் விட்டா சலுகை போயிடும்!"

மின்சார கார் வாங்க நினைப்பவர்களுக்கு இது பழகிப்போன பேச்சு. அதில் பாதிதான் உண்மை.

என்னென்ன சலுகைகள்?

சிங்கப்பூரில் இரண்டு உண்டு. ஒன்று, மின்சார வாகனத்துக்கு முன்கூட்டியே மாறுவோருக்கான ஊக்குவிப்புத் திட்டம். 2021 ஜனவரியில் தொடங்கியது. கார் பதிவின்போது செலுத்தும் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 45 விழுக்காடு தள்ளுபடி. ஆனால் அதற்கு உச்ச வரம்பு உண்டு. தொடக்கத்தில் 20,000 வெள்ளி, 2024இல் 15,000, 2026இல் 7,500. இந்தத் திட்டம் 2026 டிசம்பர் 31ஆம் தேதியுடன் முடிகிறது.

மற்றொன்று, புகை வெளியேற்றத்தைப் பொறுத்துத் தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ விதிக்கும் திட்டம். மின்சார கார்களுக்கு 2025இல் 25,000 வெள்ளி தள்ளுபடி கிடைத்தது. 2026இல் 22,500. 2027இல் 20,000. ஆக, 2027இலும் சலுகை இருக்கும்.

பணம் கையில் வருமா?

வராது. கூடுதல் பதிவுக் கட்டணத்தில்தான் கழிப்பார்கள்.

திறந்த சந்தை மதிப்பு 40,000 வெள்ளி உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140 விழுக்காடு. மொத்தக் கூடுதல் பதிவுக் கட்டணம் 48,000 வெள்ளி. சலுகைகள் போக 2025இல் 8,000 வெள்ளி கட்டினால் போதும். 2026இல் 18,000. 2027இல் 28,000. ஆண்டுக்கு 10,000 வெள்ளி கூடுகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: 10 ஆண்டுக்குள் காரைப் பதிவிலிருந்து நீக்கினால் திரும்பக் கிடைக்கும் தொகையை, நீங்கள் உண்மையில் செலுத்திய கட்டணத்தை வைத்தே கணக்கிடுவார்கள். இப்போது குறைவாகக் கட்டினால் பின்னர் கிடைப்பதும் குறைவு.

ஏன் குறைக்கிறார்கள்?

2020இல் புதிதாகப் பதிவான கார்களில் மின்சார கார்கள் 1 விழுக்காடுகூட இல்லை. 2024இல் மூன்றில் ஒன்று மின்சார கார். மக்கள் தாங்களாகவே மாறத் தொடங்கிய பிறகு அதே அளவு தள்ளுபடி தேவையா என்பது நியாயமான கேள்விதான். 2030 முதல் புதிய கார்கள் எல்லாமே தூய எரிசக்தியில் ஓடுபவையாக இருக்கவேண்டும் என்பது இலக்கு.

அப்போ, அவசரப்படணுமா?

சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழுக்கு இந்தச் சலுகைகள் பொருந்தா. 2025இல் அதன் கட்டணம் 100,000 வெள்ளியைத் தாண்டியது. மாதம் இருமுறை ஏலம். சில சுற்றுகளில் சிஓஇ ஏறினாலே 10,000 வெள்ளிச் சலுகை கரைந்துவிடும். சலுகைக்காக மட்டும், நன்றாக ஓடும் காரை விற்பது சரியாகப் படவில்லை.

சாலை வரியையும் மறக்கவேண்டாம். மின்சார காருக்குப் பெட்ரோல் வரி இல்லை. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகக் கட்டணும்.

வாங்குவதென முடிவு செய்துவிட்டீர்களா? முன்பதிவு செய்த தேதி கணக்கில் வராது. கார் பதிவாகும் தேதிதான் முக்கியம். டிசம்பரில் முன்பணம் கட்டி, ஏலத்தில் சிஓஇ கிடைக்காமல் ஜனவரிக்குத் தள்ளிப்போனால் 10,000 வெள்ளி போச்சு. அப்படி நேர்ந்தால் அந்தத் தொகையை யார் ஏற்பது என்று விற்பனையாளரிடம் முதலிலேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.