வளர்த்த பாம்பை எங்கே விடுவது?

ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கே உள்ள புளோரிடா மாநிலத்தில் பாம்பையும் ஆமையையும் ஓணானையும் வீட்டில் வளர்ப்போர் பலர். பர்மிய மலைப்பாம்பின் குஞ்சுகள் அங்கே கடைகளில் தாராளமாக விற்கப்பட்ட காலமும் உண்டு. இலங்கையில் வெங்கணாந்தி என வழங்கும் பாம்பிற்கு அது நெருங்கிய உறவினம். 1996 தொடக்கம் 2006 வரை ஐக்கிய அமெரிக்கா இறக்குமதி செய்த இப்பாம்புகள் ஏறக்குறைய 99,000. கடையில் இரண்டடி நீளத்திற் சுருண்டு கிடக்கும் குஞ்சு, சில ஆண்டுகளிற் பத்தடியைத் தாண்டிவிடும். இருபது ஆண்டுகள் உயிர்வாழவும் கூடும். வாங்குபவர் குஞ்சைத்தான் பார்க்கிறார்.

வளர்க்க இயலாத நிலை வந்ததும் சிலர் இரவோடிரவாக அதனை எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ் சதுப்புநிலத்தில் விட்டனர். இயற்கையிடமே ஒப்படைத்துவிட்டோம் என்று அவர்கள் மனத்தைத் தேற்றியிருக்கலாம். ஆனால், ஒரே முறையில் ஐம்பது முட்டைக்கு மேலும் இடவல்ல அப்பாம்பு அங்கே வேரூன்றிவிட்டது. அது நெடுநாளாய் வாழும் பகுதிகளில், ராக்கூன் என்னும் சிறு விலங்கு கண்ணிற்படுவது நூற்றுக்கு 99 வீதம் குறைந்ததென 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. அவ்வாண்டே இறக்குமதிக்கும் தடை வந்தது.

தடை நியாயமானதே. எனினும், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பாம்பை அது என்ன செய்யும்? அனுமதியின்றி வளர்த்தவர் தண்டனைக்கு அஞ்சுவார். அந்த அச்சமே அவரைச் சதுப்புநிலத்துக்கு இட்டுச் செல்லும். இதனை உணர்ந்த மாநில வனவிலங்கு ஆணைக்குழு, 2006 முதல் பொதுமன்னிப்பு நாட்களை நடத்தலாயிற்று. அந்நாளிற் பிராணியைக் கொண்டுவருபவருக்குக் கட்டணமும் இல்லை, தண்டனையும் இல்லை. மிருக வைத்தியர் அதனைப் பரிசோதிப்பார். பின்னர், முன்கூட்டியே விண்ணப்பித்துத் தகுதி பெற்ற ஒருவரிடம் அது ஒப்படைக்கப்படும். கொடுப்பவரின் அச்சத்தை நீக்கியதும், பெறுபவரை முன்னரே ஆராய்ந்ததுமே இத்திட்டத்தின் நுட்பம்.

பொதுமன்னிப்பு நாள் இல்லாத ஊரிலும் இம்முறையை ஒட்டி நடக்கலாம். முதலில் அந்த இனத்தைப் பிறருக்குக் கைமாற்றச் சட்டம் இடங்கொடுக்கிறதா என்று விசாரித்தல் வேண்டும். பெற வருபவரிடம், அது முழு வளர்ச்சி அடைந்தபின் எவ்வளவு பெரிதாகும் என்பதை ஒளிக்காமற் சொல்லவேண்டும். அவரது கூட்டையும் நேரிற் பார்ப்பது நன்று. உடனே கொண்டுபோகத் துடிப்பவரைவிட, பல கேள்விகள் கேட்பவரே நம்பத்தக்கவர். கடைசியாக இரை உண்ட நாள், சட்டை கழற்றிய நாள், முன்பு கண்ட நோய் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

இரை உண்ட பாம்பை உடனே இடம்மாற்றினால் அது இரையைக் கக்கிவிடக்கூடும். ஆகையாற் சில நாட் கழித்தே கொண்டுசெல்லவேண்டும். உறுதியான துணிப்பையில் இட்டுக் கட்டி, காற்றுத் துளையுள்ள பெட்டியில் வைத்தல் நன்று. புதிய வீட்டில் முதற் சில வாரங்கள் மற்றப் பிராணிகளோடு சேர்க்காது, தனியே வைத்தல் வேண்டும். அந்நாட்களில் அது இரை எடுக்காதிருப்பது இயல்பே. அதனைக் கையிலெடுத்துப் பார்க்கும் ஆவலைப் புதிய எசமானர் சற்றே அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.