நடை பழகும் பிள்ளையும் பெற்றவர்கள் முகமும்



பிள்ளைக்கு ஒரு வயது முடிந்தால் போதும், லயத்தில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். "என்னா, இன்னும் நடக்கலையா?" கேட்பவர் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அன்றிரவு அந்தத் தாய்க்குத் தூக்கம் வராது. மறுநாள் வேலை முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்து நிற்பார். "ஐயா, ஏதாச்சும் நல்ல டானிக்கா குடுங்க. மூணாம் வீட்டுப் புள்ள பத்து மாசத்துல ஓடுது. இது இன்னும் செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்குது."

பிள்ளையை நடக்க வைக்கிற டானிக் உலகத்தில் எங்கும் கிடையாது. ஆகவே அந்தத் தாய்க்கு நான் டானிக் கொடுப்பதில்லை. பிள்ளையைத் தரையில் விட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். தானாக உட்காருகிறதா, பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறதா, இரண்டு காலிலும் ஒரே மாதிரி பலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இருங்கம்மா, அவசரம் இல்லை" என்று சொல்லி அனுப்புவேன். சிலருக்கு என் மேல் கோபம்கூட வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 நல்ல சுகமுள்ள பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியது. பிடியில்லாமல் நடக்கத் தொடங்கிய வயது சராசரியாக 12 மாதம். ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். முந்திக்கொண்ட பிள்ளை சுமார் 8 மாதத்தில் நடந்தது, பிந்திய பிள்ளை சுமார் 17½ மாதத்தில் நடந்தது. இரண்டுமே சுகமான பிள்ளைகள்தான். நூற்றுக்கு நாலு பிள்ளை கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. பின்பக்கத்தால் நகர்ந்து போகிற பிள்ளைகளும் உண்டு. அவை சற்றுத் தாமதமாகத்தான் நடக்கும். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதக்கணக்கு எண்ண வேண்டும்.

இது தெரியாததால் வீட்டில் எத்தனை சண்டை! "உங்க வீட்டு ஆளுங்களே எல்லாத்துக்கும் லேட்டு" என்று புருஷன் சொல்வார். "பொழுதன்னைக்கும் இடுப்புலயே வெச்சிருந்தா எப்பிடி நடக்கும்?" என்று மாமியார் சொல்வார். பத்து மாதத்தில் நடந்த பிள்ளை பின்னால் கெட்டிக்காரனாக வரும் என்றோ, பதினாறு மாதத்தில் நடந்த பிள்ளை மந்தம் என்றோ ஒன்றும் கிடையாது.

பிள்ளை எப்படி நடை பழகுகிறது? விழுந்து விழுந்துதான். நியூயார்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 12 முதல் 19 மாதப் பிள்ளைகளை விளையாட விட்டு எண்ணிப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான அந்தக் கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தது, 17 முறை விழுந்தது. மணிக்குப் பதினேழு தடவை! பிள்ளையின் உடம்பும் அதற்குத் தோதாகத்தான் அமைந்திருக்கிறது. உயரம் குறைவு, எடை குறைவு, பின்பக்கம் மெத்தை மாதிரி. பெரியவர் விழுகிற விழுக்காடு வேறு, பிள்ளை பொத்தென்று உட்காருவது வேறு.

இப்போது பெற்றவர்கள் பக்கம் வருவோம். பிள்ளை விழுந்ததும் நாம் என்ன செய்கிறோம்? "ஐயையோ!" என்று வீடே கேட்கக் கத்துகிறோம். ஓடிப்போய்த் தூக்குகிறோம். "தரைதானே தள்ளிவிட்டுச்சு, இரு அடிக்கிறேன்" என்று தரையை நாலு அடி அடிக்கிறோம். பாட்டி திருநீறு பூசுகிறார். கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பிள்ளை விழுந்த உடனே அழுவதில்லை. முதலில் தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். உங்கள் முகத்தில் பயம் தெரிந்தால்தான் வாயைக் கோணிக்கொண்டு அழ ஆரம்பிக்கும்.

இது பாட்டிமார் கதையல்ல. அமெரிக்காவில் 1985-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. ஒரு பெரிய மேசை. மேலே முழுக்கக் கனமான கண்ணாடி. பாதி வரைக்கும் கண்ணாடிக்குக் கீழேயே பலகை இருக்கும், அதற்கப்பால் ஒரு முழத்துக்குக் குறைவான பள்ளம் தெரியும். கண்ணாடி இருப்பதால் விழ முடியாது, ஆனால் பார்வைக்குப் பள்ளம். ஒரு வயதுப் பிள்ளையை இந்தப் பக்கம் விட்டு, அந்தப் பக்கம் தாயை நிற்க வைத்தார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது, முகத்தால் மட்டும் காட்ட வேண்டும். தாய் சிரித்த முகமாக நின்றபோது 19 பிள்ளைகளில் 14 பள்ளத்தைத் தாண்டி வந்துவிட்டன. தாய் பயந்த முகம் காட்டியபோது 17 பிள்ளைகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை.

ஆகவே நடை பழகும் பிள்ளைக்கு உங்கள் முகம்தான் வாத்தியார். பிள்ளை பொத்தென்று உட்கார்ந்தால் நீங்கள் இருந்த இடத்திலேயே இருங்கள். "எந்திரிடா ராஜா, வா" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். எழுந்தால் கை தட்டுங்கள். உண்மையில் அடிபட்டு அழுதால் தூக்கி அணைத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் தரையை அடிக்க வேண்டாம். தரை என்ன பாவம் செய்தது? பயந்த முகத்தையும் உரத்த குரலையும் நிஜமான ஆபத்துக்கென்று எடுத்து வையுங்கள். ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் கத்துகிற தாய், பிள்ளை சுடுதண்ணீர் பிளாஸ்க்கைப் பிடித்து இழுக்கும்போது கத்தினால் பிள்ளைக்கு அது வித்தியாசமாகத் தெரியாது.

இன்னொரு விதமான தாயும் கிளினிக்குக்கு வருவார். விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, ஸ்டோரில் பாலைக் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்தால், "இன்னிக்கு நாலு அடி எடுத்து வெச்சிருச்சு" என்று ஆயா சொல்வார். தாய்க்குச் சந்தோஷம்தான், ஆனாலும் கண் கலங்கிவிடும். "பெத்தது நான், பார்த்தது அவங்க" என்று ஒரு தாய் என்னிடமே சொன்னார். அந்த நாலு அடியோடு நடை முடிந்துவிடுவதில்லை. இன்று நாலு அடி, நாளை மறுபடியும் தவழ்தல், நாளை மறுநாள் ஆறு அடி, இப்படித்தான் சில வாரம் போகும். சாயங்காலம் குளித்துச் சாப்பிட்டபின் பாயை விரித்து, தகப்பன் ஒரு பக்கம் தாய் ஒரு பக்கம் உட்கார்ந்து நடுவில் பிள்ளையை விடுங்கள். கைத்தொலைபேசியைத் தூர வையுங்கள். படம் எடுக்கிற அவசரத்தில் பிள்ளை தேடுகிற முகத்தை மறைத்துவிடாதீர்கள்.

விழுவதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் எதன் மேல் விழுகிறது, எதை எட்டிப் பிடிக்கிறது என்பதற்குக் கட்டாயம் பயப்பட வேண்டும். நம் வீடுகளில் இருக்கிற சாமான்கள் பட்டணத்து வீடுகளில் இல்லாதவை. பால் வெட்டும் கத்தி, குலை வெட்டும் அரிவாள், பால் உறைய வைக்கிற ஆசிட், புல் மருந்து. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதனால் மற்றப் புல் மருந்துகள் எல்லாம் தண்ணீர் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மருந்தை மினரல் வாட்டர் போத்தலிலோ சோடா போத்தலிலோ ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தப்பித்தவறி குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் போத்தலையும், மருந்து வந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சுடுதண்ணீர் பிளாஸ்க், தேத்தண்ணீர் மங்கு, மேசை ஓரம் தொங்குகிற துணி, இவையும் ஆபத்து. சூடு பட்டால் பற்பசை, கிச்சாப்பு ஒன்றும் தடவ வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு வாருங்கள். வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் ஒரு வயதுப் பிள்ளை தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. குளியலறை வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். வேலையிலிருந்து வந்து நிறுத்திய மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் வெகு நேரம் சூடாக இருக்கும். பிள்ளை பிடிக்கத் தேடுகிற உயரத்தில்தான் அது இருக்கிறது. லயத்து வாசல் கானுக்கும் ஆயாக்கொட்டகை முன்னால் இருக்கிற கானுக்கும் மூடி இல்லையென்றால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை விழுந்தபின் எழுதுகிற கடிதத்தால் யாருக்கு என்ன பயன்?

அடுத்தது, சக்கரம் வைத்த வாக்கர். பிள்ளையை நடுவில் உட்கார வைத்தால் அங்கும் இங்கும் உருண்டு போகுமே, அதுதான். தீபாவளி போனஸ் வந்ததும் ஆசையாக வாங்கிவிடுகிறார்கள். என் கருத்து கடுமையாகவே இருக்கும்: வாங்காதீர்கள், யாராவது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் பிள்ளை நடப்பதில்லை. துணியில் தொங்கிக்கொண்டு கால்விரல் நுனியால் உந்துகிறது. தன் காலைத் தானே பார்க்க முடிவதில்லை, உடம்பை நிலைநிறுத்தவும் பழகுவதில்லை. அதனால் நடை முந்துவதில்லை, பிந்தத்தான் செய்கிறது. ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் உருண்டுவிடும். நீங்கள் அடுப்படியிலிருந்து திரும்புவதற்குள் வாசற்படியைத் தாண்டிவிடும். கனடாவில் 2004 முதல் இதை விற்கவே கூடாது என்று சட்டம்.

நம் பாட்டன் காலத்து மர நடைவண்டி இதற்கு நேர் எதிர். பிள்ளை தன் காலில் நின்று, தன் பலத்தால் தள்ளி, பின்னாலேயே அடி வைக்கிறது. கூட ஒருவர் இருந்தால் போதும். மரவேலை தெரிந்தவர் லயத்தில் இருந்தால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் கனமான நாற்காலி ஒன்றைப் பிடித்து நிற்க விடுங்கள்.

வீட்டுக்குள் வெறுங்கால்தான் நல்லது. தரையை விரலால் பற்றிப் பழக வேண்டும். பீப்பீ என்று சத்தம் போடுகிற சப்பாத்து நமக்குத்தான் வேடிக்கை. மண்ணில் இறங்கும்போது மட்டும் காலில் சிலிப்பர் இருக்கட்டும், கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக ஏறும். கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது, உள்ளங்கால் தட்டையாக இருக்கிறது என்று கவலைப்படுகிறவர்கள் பலர். இரண்டு வயது வரை அது சகஜம். எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவுங்கள், இழுத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் "தானா சரியாயிடும்" என்று இருந்துவிடவும் கூடாது. பதினைந்து மாதப் பிள்ளை ஒன்றைச் சளிக்காக ஒரு பாட்டி கொண்டு வந்தார். "வாத்து மாதிரி ஆடி ஆடி நடக்கும் ஐயா, அழகா இருக்கும்" என்று சிரித்தார். படுக்க வைத்துப் பார்த்தேன். ஒரு கால் கொஞ்சம் குட்டை, தொடை மடிப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இடுப்பு எலும்பு மூட்டு குழியில் சரியாக உட்காராமலே பிள்ளை வளர்ந்திருந்தது. வலி இல்லாததால் அழவும் இல்லை. ஆறு மாதத்துக்குள் தெரிந்தால் வார் கட்டியே பெரும்பாலும் சரி செய்துவிடலாம். நடக்கத் தொடங்கியபின் தெரிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். அந்தப் பிள்ளைக்கும் அதுதான் நடந்தது. பெரியவனான பிறகு தெரிந்திருந்தால் ஆயுசுக்கும் நொண்டல்.

ஆகவே 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை, எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறது, ஒரு கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துகிறது, எப்போதும் நுனிக்காலிலேயே நிற்கிறது, நடந்துகொண்டிருந்த பிள்ளை நடப்பதை விட்டுவிட்டது என்றால் உடனே காட்டுங்கள். ஒரு வயதாகியும் பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லை என்றாலும் காட்டுங்கள். காய்ச்சலோடு கால் திடீரெனத் துவண்டுவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இளம்பிள்ளை வாதம் ஒழிந்துபோன நோய் என்று நினைத்திருந்தோம். 27 ஆண்டு கழித்து, 2019 டிசம்பரில் சபாவில் தூவாரானில் மூன்று மாதப் பிள்ளைக்கு அது கண்டது. ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

18 மாத ஊசிக்கு அரசாங்கக் கிளினிக்கில் தேதி கொடுப்பார்கள். ஒருநாள் சம்பளம் போகிறதே என்று தவறவிடாமல் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தோடு போங்கள். போகும்போது சப்பாத்தைக் கழற்றுங்கள். பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருந்து ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிடாமல், மிஸ்ஸி முன்னால் கீழே இறக்கி, அந்தக் கோடியில் போய் நின்று கூப்பிடுங்கள். அவர் நடையைப் பார்க்கட்டும்.