இரும்பு மிஞ்சினால்…

இரும்புச்சத்து என்றாலே நமக்குப் பற்றாக்குறைதான் நினைவுக்கு வரும். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் அடுத்து வரும். அயர்லாந்தில் கதை தலைகீழ். அங்கே சுமார் 83 பேரில் ஒருவர், உடலில் இரும்பை மிதமிஞ்சிச் சேர்க்கும் மரபணுப் பிறழ்வைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றுப் பிறக்கிறார். நோயின் பெயர் ஹீமோகுரோமடோசிஸ். வடகோடியில் உள்ள ராத்லின் தீவில், 2006இல் ஒரு மதுவிடுதிக்குப் பின்னால் தோண்டியபோது சுமார் 4,000 ஆண்டுப் பழைய எலும்புகள் கிடைத்தன. அவற்றில் ஒருவருடைய எலும்பிலும் இந்தப் பிறழ்வு இருந்தது.

குடல் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பைத்தான் உறிஞ்சும். உள்ளே போனதை வெளியேற்ற உடலில் தனி ஏற்பாடு கிடையாது. எனவே வரவை அடக்கியாக வேண்டும். கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின்தான் அந்தக் காவல்காரன். முன்பு சொன்ன பிறழ்வால் ஹெச்எஃப்ஈ மரபணு பழுதானால் காவல் தளர்கிறது. 3, 4 கிராம் இருக்கவேண்டிய இரும்பு, முற்றிய நிலையில் 20 கிராமையும் தாண்டும். கல்லீரல், கணையம், இதயம், மூட்டுகள் என்று படியும்.

கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் நாற்பது வயதுவரை எதுவுமே தெரியாது. பிறகு ஓயாத அசதி. ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் வலி. சர்க்கரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர் என்று அலைந்து, ஆண்டுகள் போய்விடும். மாதவிடாய் உள்ளவரை பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பிறழ்வு இருந்தும் நோயே வராதவர்களும் உண்டு.

சிகிச்சை? ரத்தத்தை எடுப்பதுதான்! எந்த நோய்க்கும் ரத்தம் வடித்து ஆளையே சாய்த்த பழைய ஐரோப்பிய வைத்தியம், இங்கே கச்சிதமாகப் பலிக்கிறது. ஒருமுறை அரை லிட்டர் எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகும். முதலில் வாரம் ஒருமுறை. அளவு இறங்கியபின் ஆண்டுக்குச் சில தடவை. கல்லீரல் சுருங்குமுன் தொடங்கிவிட்டால் ஆயுள் குறைவதில்லை. இவ்வளவு எளிய மருத்துவம் இருந்தும் தாமதத்தால் கல்லீரலைப் பறிகொடுப்பதை விதி என்று ஒதுக்க முடியவில்லை.

அயர்லாந்தில் பரவலான அந்தப் பிறழ்வு இந்தியர்களிடம் மிக அரிது. இங்கே இரும்பு மிகுவது பெரும்பாலும் பரம்பரைச் சோகையான தலசீமியா உள்ளவர்களுக்கு. அடிக்கடி ஏற்றும் ரத்தத்தோடு அதுவும் ஏறுகிறது. சோகை உள்ளவர்களிடம் ரத்தம் எடுக்க முடியாது என்பதால், இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துதான் வழி.

மருத்துவர் எழுதித் தந்த இரும்பு மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு அது அவசியம். ஆனால் அசதி என்றதும் நீங்களாகவே டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் கூடியிருந்தால் பதற வேண்டாம், கொழுப்புக் கல்லீரலிலும் அது கூடும். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் எவ்வளவு நிறைந்திருக்கிறது (டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன்) என்பதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.