சீருடைக்குப் பிறகு – 7: தொப்பி சேர்த்த அட்மிரல்

ஓய்வுபெற்ற ராணுவத் தளபதிகள் வேட்பாளர்களுக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவிக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேர்பிடித்தது 1992 அதிபர் தேர்தலில்தான். ஐசனோவர் போல தளபதிகளே போட்டியிட்ட கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. தேர்தலில் நிற்கும் தளபதிக்கு மக்கள் தீர்ப்பு சொல்லலாம். இன்னொருவருக்குத் தன் நட்சத்திரங்களை இரவல் கொடுப்பவரை யாரும் தோற்கடிக்க முடியாது.

1988இலேயே மரீன் படையின் முன்னாள் தளபதி பி.எக்ஸ். கெல்லி, மூத்த புஷ்ஷுக்காகப் பேசினார். அது பெரிய செய்தியாகவில்லை. 1992இல் நிலைமை வேறு. வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பிலிருந்து நழுவியவர் என்ற பழி பில் கிளின்டன் மேல் இருந்தது. பயிற்சிப் பிரிவு கர்னல் ஒருவருக்கு 1969 டிசம்பரில் அவர் எழுதிய கடிதம் பிப்ரவரியில் வெளியாகி, பிரசாரத்தையே ஆட்டியது. எதிரணியில் இருந்த புஷ்ஷோ இரண்டாம் உலகப்போரில் 58 முறை போருக்குப் பறந்த விமானி. இந்த நேரத்தில்தான், செப்டம்பரில், ஓய்வுபெற்ற அதிகாரிகள் சுமார் 20 பேரோடு அட்மிரல் வில்லியம் குரோ கிளின்டன் பக்கம் வந்தார்.

குரோ சாதாரண அட்மிரல் அல்ல. 1985 முதல் 1989 வரை முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர், நியமித்தவர் ரீகன். பிரின்ஸ்டனில் அரசியல் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர். உலகப் படைகளின் தொப்பிகளைச் சேர்ப்பதில் அலாதிப் பிரியம் கொண்டவர். 1989இல், பதவியில் இருக்கும்போதே, 'சியர்ஸ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் அட்மிரல் குரோவாகவே வந்து, மதுக்கூடத்துப் பெண்ணின் காதணியைத் திருடிவிட்டாரோ என்ற சந்தேகத்துக்கு ஆளாகும் காட்சியில் நடித்தார். நாட்டின் உச்ச ராணுவ அதிகாரி இதற்குச் சம்மதித்தார் என்பதே ரசிக்க வேண்டிய சேதி. 1990 நவம்பரில் செனட் குழு முன் தோன்றி, ஈராக் மீது போர் தொடுக்கும் முன் பொருளாதாரத் தடைக்கு அவகாசம் கொடுங்கள் என்று சொன்னவரும் இவரே. புஷ்ஷோடு அவருக்கு இருந்த கருத்து வேறுபாடு அப்போதே ஊரறிந்தது.

கிளின்டன் ஜெயித்தார். 1993இல் குரோ அதிபரின் வெளிநாட்டு உளவு ஆலோசனை வாரியத் தலைவரானார். 1994இல் பிரிட்டனுக்குத் தூதராகப் போனார். தகுதிக்குக் கிடைத்த பதவியா, ஆதரவுக்குக் கிடைத்த கூலியா என்ற முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை.

அதன்பின் இரு கட்சிகளும் தலைகளை எண்ணத் தொடங்கின. 2004இல் பாஸ்டன் மாநாட்டில் ஜான் கெர்ரிக்காக 12 தளபதிகள் மேடையேறினர். இளைய புஷ்ஷுக்காக டாமி ஃபிராங்ஸ் பேசினார். 2012இல் மிட் ராம்னிக்காக ஏறத்தாழ 500 பெயர்களோடு நாளிதழ் விளம்பரமே வந்தது. ராம்னி தோற்றார். பட்டியல் நீள நீள ஒவ்வொரு பெயரின் எடையும் குறைந்துபோனது. மாறாக 2008 அக்டோபரில் குடியரசுக் கட்சிக்காரரான காலின் பவல் தனியாளாக ஒபாமாவை ஆதரித்தது பட்டியல்கள் எதையும்விடப் பெரிதாகப் பேசப்பட்டது. 1989இல் குரோவுக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்தவர் பவல்.

2016இல் மேடைகள் சூடேறின. குடியரசுக் கட்சி மாநாட்டில் மைக்கேல் ஃபிளின், ஹிலரியைச் சிறையில் தள்ளச் சொன்ன கூட்டத்தின் கோஷத்தில் தானும் சேர்ந்துகொண்டார். ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஜான் ஆலன் முழங்கினார். குரோ வகித்த முப்படைத் தளபதிகள் குழுத் தலைவர் பதவியில் பின்னாளில் இருந்த மார்ட்டின் டெம்ப்சி, இருவரும் செய்தது தவறு என்று நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். தளபதி ஓய்வுபெற்றாலும் மக்கள் கண்ணுக்கு அவர் ராணுவம்தான். அவர் கட்சி கட்டினால், பணியில் இருப்பவர்களின் ஆலோசனையையும் அடுத்த அதிபர் சந்தேகத்தோடுதான் கேட்பார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஓய்வூதியம் பெறும் அதிகாரிகள் இன்னமும் ராணுவ நீதிச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். ஆனாலும் மேடைப் பேச்சுக்காக அவர்கள் மேல் அந்தச் சட்டம் ஏன் பாய்வதில்லை என்பதே இந்த வாரத்துக்கு அறிவித்திருந்த விஷயம். குரோ இடத்தை அடைத்துக்கொண்டதால் அது அடுத்த இதழில்.