ஊமைப் பெருக்கி கற்றுத்தந்த பாடம்

பதினைந்து ஆண்டுகளாக உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஓம் விதிக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால், சென்ற கோடை விடுமுறை வரை ஒரு மின்சுற்றைக்கூட என் கையால் பற்றவைத்ததில்லை. அந்தக் கூச்சத்தில்தான் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு கடையில் சிறிய ஆடியோ பெருக்கி கிட் ஒன்றை வாங்கிவந்தேன்.

எல்.எம்.386 என்னும் எட்டுக் கால் ஐ.சி., சில மின்தேக்கிகள், மின்தடைகள், ஒரு வால்யூம் கண்ட்ரோல், 8 ஓம் ஸ்பீக்கர். அவ்வளவுதான். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும். வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தைத் தொட வேண்டியதில்லை என்பதால் புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

'பெருக்கி ஒலியைப் பெரிதாக்குகிறது' என்றே வகுப்பில் சொல்லிவந்தேன். அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று எந்த மாணவரும் கேட்கவில்லை; நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சேரன்மகாதேவி வழியாக ஓடும் கன்னடியன் கால்வாயை எடுத்துக்கொள்வோம். மதகின் திருகைத் திருப்ப ஒருவரின் கைவலு போதும். பாய்ந்து வருவதோ தாமிரபரணித் தண்ணீர். திருப்பியவர் தண்ணீரை உண்டாக்கவில்லை, அளவைக் கட்டுப்படுத்தினார். பெருக்கியிலும் அப்படித்தான். செல்போனிலிருந்து வரும் சிறு மின்சைகைதான் திருகும் கை. ஐ.சி.க்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் மதகு. ஆற்றல் முழுவதும் பேட்டரியுடையது.

எல்.எம்.386 உள்ளே வரும் மின்னழுத்தத்தை 20 மடங்காக்கும். 1, 8 ஆகிய கால்களுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால் 200 மடங்கு வரை போகும்.

சத்தம் வரவில்லை

இரண்டு மாலைகள் உட்கார்ந்து பற்றவைத்தேன். பேட்டரியை மாட்டினேன். ஒரு முனகல்கூட இல்லை. 'நமக்கு இது வராது' என்று கிட்டை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். என் மாணவர்கள் கணக்கைப் பார்த்துச் சொல்லும் அதே சொல் என் வாயில் வந்தது மறுநாள்தான் உறைத்தது.

மல்டிமீட்டரோடு மீண்டும் உட்கார்ந்தேன். இம்முறை முழுச் சுற்றையும் சந்தேகிக்காமல் ஒவ்வொரு பகுதியாகச் சோதித்தேன்.

• ஆறாவது காலில் 9 வோல்ட். பேட்டரி இணைப்பு சரி.
• ஐந்தாவது காலில் 4.5 வோல்ட். வெளியீட்டுக் காலில் பேட்டரியின் பாதி இருக்க வேண்டும், இருந்தது. ஐ.சி. நலம்.
• ஸ்பீக்கரைக் கழற்றி 1.5 வோல்ட் செல்லால் தொட்டதும் 'டிக்' என்றது. ஸ்பீக்கரும் நலம்.

ஆகவே குறை ஐந்தாவது காலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில். அங்கிருந்தது ஒரே ஒரு மின்தேக்கி. அதன் காலில் ஈயம் ஒட்டியதுபோல் தெரிந்தாலும் பிடிக்கவில்லை. மறுபடி சூடு காட்டி ஈயம் வைத்தேன். பாட்டு ஒலித்தது. மற்ற பற்றுகள் எல்லாம் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கின்றன.

விடைத்தாளில் அதே தேடல்

பள்ளி திறந்தபின் ஒரு தேர்வில் கேட்டிருந்தேன்: 9 வோல்ட் மின்னழுத்தம், 10 கிலோ ஓம் மின்தடை, மின்னோட்டம் எவ்வளவு? ஒரு மாணவி 0.9 ஆம்பியர் என எழுதியிருந்தாள். சரியான விடை 0.9 மில்லி ஆம்பியர். முன்பென்றால் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'ஓம் விதியை மீண்டும் படி' என்று எழுதியிருப்பேன்.

இப்போது படிப்படியாகப் பார்த்தேன். வாய்பாடு சரி. பிரதியிட்டதும் வகுத்ததும் சரி. 'கிலோ'வை ஆயிரமாக மாற்றாததுதான் குறை. அந்த இடத்தை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்தேன். ஓம் விதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அதையே திரும்பப் படிக்கச் சொல்லியிருந்தால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டியிருப்பாள்.

ஆசிரியர்கள் இந்தக் கிட்டை ஒருமுறை செய்துபார்க்கலாம். பற்றவைப்பதைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சூடான கருவியைச் சிறு பிள்ளைகளிடம் தராதீர்கள். முதல் முறையே வேலை செய்துவிட்டால் மகிழ்ச்சி. செய்யாவிட்டால் இன்னும் நல்லது. தவறை எங்கே தேடுவது என்பதைக் கற்றுக்கொள்வோம்.