ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்காதீங்க, வருஷக் கணக்கைப் பாருங்க!



காலேஜ் சேர்ற சீசன் வந்தாலே வீட்ல ஒரு பேச்சு ஆரம்பிச்சிடும்: "லேப்டாப் வேணும்ப்பா." புதுசு வாங்கப் போனா 50,000 ரூபாய் பக்கத்துல நிக்குது. ஃபீஸ், ஹாஸ்டல்னு ஏற்கெனவே கை காலி. அந்த நேரம் பார்த்து யாராவது சொல்வாங்க: "ரிச்சி ஸ்ட்ரீட்ல 12,000 ரூபாய்க்கே ஐ7 லேப்டாப் கிடைக்குதே!"

கிடைக்கலாம். ஆனா அது லாபமா நஷ்டமான்னு விலையை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. எத்தனை வருஷம் ஓடும்னு பார்த்தாதான் தெரியும்.

எப்படி இவ்வளவு மலிவு?

பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்கு வாங்கின லேப்டாப்பை மூணு, நாலு வருஷத்துல மாத்திடுவாங்க. வருமான வரிக் கணக்குல கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40% தேய்மானம் உண்டு. 60,000 ரூபாய்க்கு வாங்கின லேப்டாப்பின் கணக்கு மதிப்பு முதல் வருஷ முடிவுல 36,000, அடுத்து 21,600, மூணாவது வருஷ முடிவுல 12,960 ரூபாய்தான். அதனால மொத்தமா வித்துடுறாங்க.

இப்படி வர்றதுல திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரி பிசினஸ் மாடல்களைத் தேடுங்க. ஆபீஸ்ல தினமும் அடி வாங்கி ஓடுறதுக்காகவே செஞ்சவை. பாடி உறுதியா இருக்கும், ஸ்பேர் பார்ட்ஸும் சுலபமா கிடைக்கும்.

ஒரு விஷயம் கவனிங்க. செகண்ட் ஹேண்ட்னா இருக்கிறது இருக்கிறபடி கைமாறுறது. ரீஃபர்பிஷ்டுன்னா சோதிச்சு, பழுதை மாத்தி, வாரண்டியோட தர்றது. பில்லுல வாரண்டி இல்லைன்னா, கடைக்காரர் என்ன பேர் சொன்னாலும் அது செகண்ட் ஹேண்ட்தான். விலையும் அதுக்கேத்த மாதிரிதான் பேசணும்.

ஐ7 ஸ்டிக்கரை நம்பாதீங்க

ஐ5, ஐ7ங்கிறதைவிட அது எந்த ஜெனரேஷன்ங்கிறதுதான் முக்கியம். ஐ7-6600யூ-ன்னா 6வது ஜெனரேஷன். ஐ5-8350யூ-ன்னா 8வது. ஐ5-1135ஜி7-ன்னா 11வது.

இது ஏன் முக்கியம்? விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறைப்படி ஓடணும்னா இன்டெல்ல பொதுவா 8வது ஜெனரேஷனாவது வேணும். ஏஎம்டின்னா ரைசன் 3000 வரிசையில இருந்து பார்த்தா போதும். சில கடைகள்ல பழைய மெஷின்லயும் குறுக்கு வழியில விண்டோஸ் 11 போட்டுத் தருவாங்க. ஓடும். ஆனா அப்டேட் தொடர்ந்து வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தர்றதில்லை. அதுலதான் நீங்க நெட் பேங்கிங் பண்ணப் போறீங்கன்னா யோசிச்சுக்கோங்க.

இப்போ கணக்குக்கு வருவோம்

புரியறதுக்காக ஒரு உதாரணம்தான், உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

1. 6வது ஜெனரேஷன்: 12,000 ரூபாய். பேட்டரி, எஸ்எஸ்டி மாத்த 6,000. ரெண்டு வருஷம் ஓடினா, வருஷத்துக்கு 9,000 ரூபாய்.

2. 10 அல்லது 11வது ஜெனரேஷன்: 24,000 ரூபாய். பேட்டரிக்கு 3,000. நாலு வருஷம் ஓடினா, வருஷத்துக்கு 6,750 ரூபாய்.

3. புதுசு: 48,000 ரூபாய். ஆறு வருஷம் ஓடினா, வருஷத்துக்கு 8,000 ரூபாய்.

பார்த்தீங்களா? விலை கம்மியா இருந்ததுதான் வருஷக் கணக்குல அதிகச் செலவு வைக்குது. நாலு வருஷ டிகிரி படிக்கிற பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்தா, பாதியிலேயே இன்னொன்னு வாங்க வேண்டி வரும்.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி

பேட்டரி: விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், கடைக்காரர்கிட்ட எடுத்துக் காட்டச் சொல்லுங்க. டிசைன் கெப்பாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 30,000னு இருந்தா, பேட்டரியில மிச்சம் 60% தான். மாத்துற செலவை விலையில குறைக்கச் சொல்லுங்க.

லாக்: இதுதான் பெரிய ஆபத்து. பழைய கம்பெனியோட கன்ட்ரோல்லயே இன்னும் இருக்கிற லேப்டாப்பும் கைமாறி வரும். உங்க முன்னாடியே ரீசெட் பண்ணி, வைஃபை இணைக்கச் சொல்லுங்க. ஏதாவது கம்பெனி பேரோட லாகின் கேட்டா எழுந்து வந்துடுங்க. பயாஸ்ல பாஸ்வேர்ட் இருக்கான்னும் பாருங்க.

ரேம்: 8 ஜிபி இருக்கணும், 16 இருந்தா நிம்மதி. சில மாடல்ல ரேமை போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, அப்புறம் கூட்ட முடியாது. வாங்கும்போதே கேளுங்க.

பில்: சீரியல் நம்பரும் வாரண்டி காலமும் பில்லுல எழுதியிருக்கணும். லேப்டாப் அடியில இருக்கிற நம்பரும் அதுவும் ஒண்ணான்னு சரிபாருங்க. நாளைக்கு அது திருட்டுப் பொருள்னு யாராவது வந்தா, காசு கொடுத்து வாங்கினேன்னு காட்ட உங்க கையில இருக்கிறது அந்தப் பில் மட்டும்தான்.

மேக்புக்னா: இன்டெல் சிப் மாடலைத் தொடாதீங்க. மேக் ஓஎஸ் 26 தான் அதுக்குக் கடைசி வெர்ஷன்னு ஆப்பிளே சொல்லிடுச்சு. 2020 கடைசியில வந்த எம்1 மாடல்ல இருந்து பாருங்க. பழைய ஓனரோட ஐகிளவுட் லாக் எடுத்தாச்சான்னு உறுதி பண்ணிக்கோங்க.

யாருக்கு இது வேண்டாம்?

வீடியோ எடிட்டிங், 3டி டிசைன், கேமிங் பண்றவங்க புதுசு பக்கமே போங்க. அதே மாதிரி, ரீஃபர்பிஷ்டு விலை புதுசு விலையில பாதியைத் தாண்டினாலும் விட்டுடுங்க. புதுசுக்குக் கம்பெனி வாரண்டி முழுசா இருக்கு, அதுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

படிப்பு, ஆபீஸ் வேலை, கோடிங் கத்துக்கிறது, ஆன்லைன் கிளாஸ் இதுக்கெல்லாம் நல்ல ரீஃபர்பிஷ்டு லேப்டாப் தாராளமாப் போதும். மிச்சமாகிற 20,000 ரூபாயைச் செலவு பண்ணிடாம எஃப்டியில போட்டு வைங்க. பேட்டரி போனாலும் செமஸ்டர் ஃபீஸ் வந்தாலும், கடன் கேட்டு யார்கிட்டயும் நிக்க வேண்டாம்.

இந்த வருஷம் லேப்டாப் வாங்கப் போற உங்க சொந்தக்காரங்க, நண்பர்களுக்கு இதை அனுப்பி வைங்க.