நகரைப் பிளந்த சுவர்

அக்கரப்பத்தனையில் எம் பாடசாலை மாணவர்கள் பேர்லின் சுவரைப் பற்றிக் கண்காட்சியொன்று நடாத்தினர். பார்க்க வந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர், "பகையாளியைத் தடுக்கக் கட்டினதா, தம்பி?" என வினவினார். "இல்லை தாத்தா, சொந்தச் சனம் ஓடிப்போகாமல் இருக்கக் கட்டினது" என்றான் விளக்கம் சொன்ன மாணவன். யானே அதனினும் சுருங்கக் கூறியிருக்க இயலாது.

இரண்டாம் உலகப் போரின் பின் பிளவுண்ட ஜேர்மனியில், கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் பேர்லின் வழியாக மேற்கே வெளியேறினர். 1961 ஆகஸ்ட் 13 அன்று, பொழுது விடியுமுன் முட்கம்பி இடப்பட்டது. சுவர் பின்னர் எழுந்தது. மேற்குப் பேர்லினைச் சுற்றிவளைத்த அதன் நீளம் ஏறத்தாழ 155 கிலோமீற்றர். பேர்னவர் வீதியின் நிலை விசித்திரமானது. வீடுகள் கிழக்கில், வாசலை ஒட்டிய நடைபாதையோ மேற்கில். லயத்துக் காம்பரா ஒரு நாட்டிலும், அதன் இஸ்தோப்பு மறு நாட்டிலும் இருந்தாற்போல! சன்னல் வழியே குதித்துத் தப்பினோர் பலர். குதித்து மாண்டோரும் உளர். பின்பு அச்சன்னல்களும் செங்கல்லால் அடைக்கப்பட்டன.

1989 நவம்பர் 9 இல் அச்சுவர் திறந்தது. அதே 1989 இலேதான், தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில், சாதிக் கலவரத்தின் பின், தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. 2008 மே 6 அன்றுதான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி பிறந்தது. மாணவியொருத்தி இச்செய்தியை ஓர் அட்டையில் எழுதி மூலையில் வைத்திருந்தாள். ஊரில் மனத்தாங்கல் வேண்டாமென்று அதனை அகற்றச் சொல்ல எண்ணினேன். பின்பு பேர்லின் படத்தின் பக்கத்திலேயே வைக்கச் செய்தேன். பெரியவர் அவ்வட்டையின் முன்னேதான் நெடுநேரம் நின்றார்.